ஒரே நாளில் 2,222 பேர்: தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகள் வளர்ந்த கணக்கு

பக்கிங்ஹாம் கால்வாய் என்றதும் சென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பறக்கும் ரயிலின் தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீர்தான் ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி. வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கித் தெற்கே மரக்காணம் வரை நீளும் கால்வாய் அது. அதில் விடுபட்டுக் கிடந்த பல துண்டுகள் வெட்டப்பட்டது 1876–78 பஞ்சத்தின்போது. தமிழில் அதற்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர். பசித்தவனுக்குச் சும்மா கஞ்சி ஊற்றக் கூடாது, மண் வெட்டினால் கூலி என்பது அன்றைய அரசின் கொள்கை.

அப்படி வெட்டப்பட்ட துண்டுகளில் ஒன்று, ஆந்திராவின் ஓங்கோலுக்குப் பக்கத்தில் மூன்றரை மைல் நீளம். அதைக் காண்டிராக்ட் எடுத்தவர் பொறியாளரோ வியாபாரியோ அல்ல, ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. இன்று 'தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளின் சமாவேசம்' என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் வளர்ச்சியை யார் சொல்ல ஆரம்பித்தாலும் அந்தக் கால்வாய்க் கரையில் வந்து நிற்காமல் இருக்க முடியாது. 1,200க்கும் மேற்பட்ட சபைகள், சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம் உறுப்பினர்கள் என்பது அமைப்பே தரும் கணக்கு. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். எண்களோடு இந்தச் சபைக்கு உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே விசித்திரமானது.

முதல் முப்பது வருடங்களில் எண்ணுவதற்கே ஆள் கிடையாது. 1836இல் சாமுவேல் டே என்ற மிஷனரி விசாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். பிறகு சென்னைக்கு வந்து, இங்கிருந்த தெலுங்கர்களிடையே சில வருடம் வேலை செய்துவிட்டு 1840இல் நெல்லூருக்குப் போனார். உடல்நிலை கெட்டு ஊர் திரும்பி, 1849இல் லைமன் ஜூவெட்டையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். இத்தனைக்கும் பலன் என்று காட்ட விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சிலர்தான். அதே அமெரிக்க பாப்டிஸ்டுகள் வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பர்மாவில், கரேன் மக்களிடையே ஆயிரக்கணக்கில் சபை கண்டுகொண்டிருந்தார்கள். பணம் கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்பது இயல்புதானே. நெல்லூரை மூடிவிட்டுப் பர்மாவைப் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்தது.

1853இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் இது பெரிய விவாதமானது. மிஷன் வரைபடத்தில் பர்மாப் பக்கம் நட்சத்திரக் குறிகள் கூட்டமாக இருக்க, இந்தக் கரையில் நெல்லூர் மட்டும் தனியாக நின்றது. அதை 'தனி நட்சத்திரம்' என்று யாரோ குறிப்பிட, அன்றிரவே சாமுவேல் ஸ்மித் என்ற போதகர் 'தனி நட்சத்திரமே, ஒளிர்' என்ற கருத்தில் ஒரு கவிதை எழுதி மறுநாள் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். கவிதை ஜெயித்தது. கமிட்டித் தீர்மானங்களைக் கவிதைகள் மாற்றியதற்கு வேறு உதாரணங்கள் அதிகம் இருக்காது. அதற்கு அப்புறமும் 1862 வாக்கில் ஒருமுறை மூடும் பேச்சு வந்தது. நான் தனியாகவாவது திரும்பிப் போய் அங்கேயே சாவேன் என்று ஜூவெட் பிடிவாதம் பிடித்ததாகவும், 'அப்படியானால் உங்களைப் புதைக்கவாவது ஓர் ஆளை அனுப்ப வேண்டும்' என்று மிஷன் செயலாளர் இறங்கிவந்ததாகவும் சபை வழியாக ஒரு கதை வருகிறது. அப்படி அனுப்பப்பட்டவர்தான் கிளஃப். 1865இல் வந்தார். அடுத்த வருடம் ஓங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி 1 அன்று ஓங்கோல் சபை எட்டுப் பேரோடு தொடங்கியது.

பாப்டிஸ்ட் கணக்கு எப்படிப்பட்டது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து உறுப்பினராக்கும் வழக்கம் இவர்களிடம் இல்லை. விவரம் தெரிந்த வயதில், தானே விசுவாசத்தை அறிக்கையிட்டு, ஆற்றிலோ குளத்திலோ முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்தான் உறுப்பினர். ஆகவே பாப்டிஸ்ட் பதிவேட்டில் ஆயிரம் பேர் என்றால் அந்த வீடுகளில் உள்ள பிள்ளைகள் அதில் சேர்த்தி இல்லை. பக்கத்துக் குண்டூரில் வேலை செய்த லுத்தரன் மிஷனின் எண்ணோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. இன்னொன்று, இவர்களுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னளவில் முழுமையானது, தன் காரியத்தைத் தானே முடிவுசெய்யும்.

சரி, எட்டுப் பேர் எப்படி ஆயிரக்கணக்கானார்கள்? மிஷன் வரலாறுகள் கிளஃபை நடுவில் நிறுத்தும். நான் யெர்ரகுண்ட்ல பெரய்யாவை நிறுத்துவேன். பெரய்யா மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர், தோல் வியாபாரி. தோல் வாங்கி விற்பவனுக்கு ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை. எந்தப் பாளையத்தில், அதாவது மாதிகர் குடியிருப்பில், யார் பெரியவர், யாருக்கு யார் சம்பந்தி என்பதெல்லாம் அத்துப்படி. அதோடு அவர் ராஜயோக மரபு ஒன்றில் குருவிடம் உபதேசம் பெற்றவர். உருவ வழிபாட்டில் ஏற்கெனவே நம்பிக்கை இழந்திருந்தவர். 1866இல் அவரும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் கிளஃப் அவருடைய ஊருக்குப் போனபோது, சுற்றுவட்டாரத்து மாதிகர்கள் சோற்று மூட்டையோடு வந்து புளியந்தோப்பில் சில நாள் தங்கிக் கேட்டார்கள். 28 பேர் முழுக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்குத் தெலுங்கே அப்போது அரைகுறை. சேதியைக் கொண்டுபோனது சொந்தபந்தமும் தோல் வியாபாரப் பாதையும்தான்.

கிளஃபின் இரண்டாவது மனைவி எம்மா ரவுஷன்புஷ் கிளஃப் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். மாதிகர்களின் குரு மரபுகளையும் குடும்பக் கதைகளையும் கேட்டுப் பதிவுசெய்து 1899இல் ஒரு நூலாக்கினார். ஒரு மிஷனரியின் மனைவி, மதம் மாறியவர்களின் பழைய பக்தியைக் கேலி செய்யாமல் எழுதியது அந்தக் காலத்தில் அபூர்வம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மாதிகர் அந்நியர்கள் அல்ல. 2009இல் இங்கே அருந்ததியர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது அந்தப் பட்டியலில் இருந்த ஏழு பெயர்களில் மாதிகாவும் ஒன்று.

புதிதாக வந்தவர்களுக்குக் கிளஃப் வைத்த கட்டுப்பாடுகள் மூன்று: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டிறைச்சி தின்னக் கூடாது, விக்கிரகத்தை வணங்கக் கூடாது. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் ஊரில் மாதிகருக்கு விதிக்கப்பட்ட வேலைகளை நினைத்துப் பாருங்கள். செத்த மாட்டை இழுத்துப் போடுவது, திருவிழாவில் பறையடிப்பது, கூப்பிட்ட நாளில் கூப்பிட்ட வயலுக்குப் போவது. மூன்று கட்டுப்பாடுகளும் ஒன்றுவிடாமல் இந்த ஏற்பாட்டின் மேல்தான் இடித்தன. ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? தண்ணீர் நிறுத்தினார்கள், வண்ணாரையும் நாவிதரையும் போகவிடாமல் செய்தார்கள், அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதே என்பது சாமி விஷயமாக மட்டும் யாருக்கும் படவில்லை. வாரத்தில் ஒரு நாள் தன் உடம்பு தனக்கே சொந்தம் என்று மாதிகன் சொல்வதாக நிலக்காரனுக்குப் பட்டது. அவன் புரிந்துகொண்டதில் தப்பும் இல்லை.

இந்த நிலையில்தான் பஞ்சம் வந்தது. அரசு முகாம்களில் கூலி வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்களைக் கங்காணிகள் ஏய்த்தார்கள். கிளஃப் இளவயதில் அமெரிக்காவில் நில அளவை வேலை பார்த்தவர், அளவும் சங்கிலியும் கைவந்த கலை. ஆகவே மூன்றரை மைலைத் தானே எடுத்துக்கொண்டு, உபதேசிமார்களையே மேஸ்திரிகளாக நிறுத்தினார். வந்தவர்களில் மாதிகர்கள் அதிகம், ஆனால் மற்றச் சாதியினரும் இருந்தார்கள். இளைப்பாறும் நேரத்தில் உபதேசியார்கள் நடுவில் உட்கார்ந்து பேசுவார்கள். கூடையில் மண் சுமந்தவர்களிடம் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது மத்தேயு 11:28. 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்.' மண்கூடையை இறக்கி வைத்த கையோடு கேட்கும்போது அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

ஞானஸ்நானம் கேட்டுக் கூட்டம் வந்தது. கிளஃப் மறுத்துவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 1877 மார்ச் தொடங்கிப் பதினைந்து மாதம் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். நிவாரணப் பணமெல்லாம் தீர்ந்த பிறகு, இனி கொடுக்க ஒன்றுமில்லை, வராதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினார். அவர்கள் வந்தார்கள். 1878 ஜூன் நடுவில் கதவு திறந்தது.

ஜூலை 2 அன்று 614 பேர். 3 அன்று 2,222 பேர். 4 அன்று 700 பேர். வெல்லம்பள்ளி அருகே குண்டலகம்மா ஆற்றில் மூன்று நாளில் 3,536 பேர். தண்ணீரில் இறங்கியவர் கிளஃப் அல்ல. ஆறு உள்ளூர்ப் போதகர்கள் முறைவைத்து இரண்டிரண்டு பேராக ஆற்றில் நின்றார்கள். காலையிலும் பிற்பகலிலுமாகச் சுமார் ஒன்பது மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு. அவசரம் என்றுதான் தோன்றும். ஆனால் விசாரணையும் பெயர்ப் பதிவும் கரையிலேயே முன்கூட்டி நடந்தன. ஒவ்வொரு ஊர்க்காரரையும் அந்த ஊருக்குப் போய்வந்த உபதேசியார் அடையாளம் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜூனில் தொடங்கி டிசம்பருக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 9,606 பேர்.

இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு, அன்றும் இன்றும். இது பரிசுத்த ஆவியானவரின் அறுவடை என்பது சபையின் பேச்சு. பஞ்சத்தில் வயிற்றைக் காட்டி இழுத்தார்கள் என்பது எதிர்ப்பேச்சு. பதினைந்து மாதத் தடையைக் கணக்கில் எடுத்தால் இரண்டாவது நிற்பது கஷ்டம். கூலி கொடுத்த காலத்தில் மறுத்து, கூலி நின்ற பிறகு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பஞ்சத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதும் பொய். ஊர் தங்களைச் சாகவிட்டபோது யார் கூலியை ஏய்க்காமல் அளந்து கொடுத்தார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதை மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோறு ஒரு வேளையில் தீர்ந்துவிடும். கூலியைச் சரியாகக் கொடுத்தவன்மேல் வரும் நம்பிக்கை அப்படிச் சீக்கிரம் தீராது. இன்னொன்றும் உண்டு. முடிவெடுத்தது தனித்தனி மனிதர்கள் மட்டும் அல்ல, பாளையங்கள். ஒரு குடும்பம் மட்டும் மாறினால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுபோகும். பத்துக் குடும்பம் சேர்ந்து மாறினால் எதுவும் நிற்காது. தனிமனித விசுவாசத்தை இவ்வளவு வலியுறுத்தும் பாப்டிஸ்ட் சபை, உறவுமுறைக் கூட்டத்தின் வழியாக வளர்ந்தது என்பது இந்தக் கதையின் பெரிய முரண். மிஷனரிகள் இதை உள்ளூர அறிந்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பிய அறிக்கைகளில் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

1880களின் தொடக்கத்தில் ஓங்கோல் சபை இருபதாயிரம் உறுப்பினரைத் தாண்டியது. உலகிலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று அதைச் சொன்னார்கள். சொல்லலாம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான கிராமங்களில் சிதறிக் கிடக்கும் இருபதாயிரம் பேரை ஒரே சபை என்று எண்ணுவது பதிவேட்டு வசதிக்காக மட்டுமே. ஞாயிறு ஆராதனைக்கு யார் நாற்பது மைல் நடப்பார்கள்? ஆகவே கம்பம், வினுகொண்டா, நரசராவ்பேட்டை, பாபட்லா என்று தனித்தனி மிஷன் தலங்களாகப் பிரித்தார்கள். இந்தக் கம்பம் ஆந்திராவின் கம்பம், நம் தேனிப் பக்கத்துக் கம்பம் அல்ல. எண்ணிக்கை வந்த வேகத்துக்கு எழுத்தறிவு வரவில்லை, பயிற்சி பெற்ற போதகர்கள் போதவில்லை. நெல்லூருக்கும் ஓங்கோலுக்கும் இடையே கடலோரத்தில் ராமாயப்பட்டினத்தில் 1872இலேயே இறையியல் பள்ளி தொடங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. மூங்கில் தட்டிப் பள்ளிகள், வேதாகமப் பெண்கள் என்றழைக்கப்பட்ட பெண் ஊழியர்கள், நெல்லூரின் பெண்கள் மருத்துவமனை, பிற்பாடு கிளஃபின் பெயரில் ஓங்கோலில் ஒரு மருத்துவமனை எல்லாம் வரிசையாக வந்தன.

மேற்கே நிஜாம் ராஜ்யத்துக்குள்ளும் போனார்கள். செகந்திராபாத், ஹனமகொண்டா, மகபூப்நகர், நல்கொண்டா. இதில் நல்கொண்டா கதை வேடிக்கையானது. அங்கே 1890 முதல் வேலை செய்தவர் அமெரிக்கர் அல்ல, ஆபிரகாம் ஃப்ரீசன் என்ற ரஷ்ய மென்னோனைட். பணமும் ஆளும் ரஷ்யாவில் இருந்த ஜெர்மன் பேசும் மென்னோனைட்டுகளிடமிருந்து வந்தது, பெயர்ப்பலகை அமெரிக்க பாப்டிஸ்டுடையது. தெலுங்கானாவில் இன்று உள்ள மென்னோனைட் பிரதரன் சபைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. வடக்கே காக்கிநாடாப் பக்கம் 1874 முதல் கனடா பாப்டிஸ்டுகள் தனியாக ஒரு மிஷன் நடத்தி, அது வேறோர் அமைப்பாக வளர்ந்தது. ஆக, 'தெலுங்கு பாப்டிஸ்டுகள்' என்றால் சமாவேசம் மட்டும் அல்ல.

பேராயர் இல்லாத, ஒவ்வொன்றும் தன்னாட்சி கொண்ட சபைகள் எப்படி ஒரே அமைப்பாகும்? பாப்டிஸ்டுகள் உலகெங்கும் கண்ட வழி கன்வென்ஷன், அதாவது பிரதிநிதிகளின் கூட்டம். தெலுங்கில் சமாவேசம் என்றால் கூட்டம் என்றே பொருள். பெயரிலேயே எல்லை இருக்கிறது. ஆலோசிக்கலாம், பொதுப்பணம் சேர்க்கலாம், புது இடத்துக்கு ஊழியரை அனுப்பலாம், ஆனால் ஒரு சபையின் போதகரை நீக்க உரிமை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இப்படிக் கூடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் சம்பளமும் சொத்தும் மிஷன் கையில் இருந்தவரை கூட்டத்துக்கு உண்மையான பலம் இல்லை. 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகள் வெளியே நின்றார்கள். பேராயர் பதவியும் குழந்தை ஞானஸ்நானமும் அவர்களுக்கு ஒத்துவராது. 1960களின் தொடக்கத்தில் நெல்லூரை மையமாக வைத்துச் சமாவேசம் தனி அமைப்பானது. மிஷனிடமிருந்த பொறுப்புகள் கைமாறின. கூடவே நிலங்களும் கட்டடங்களும் வந்தன, அப்புறம் நிர்வாகச் சண்டைகளும் வழக்குகளும். தென்னிந்தியாவில் எந்தத் திருச்சபையும் இதில் விதிவிலக்கு அல்ல என்பதால் இதை நீட்டவில்லை.

இப்போது அந்த 8 லட்சத்து 40 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் ஒன்றுபட்ட ஆந்திராவின் மக்கள்தொகை சுமார் 8.46 கோடி. அதில் கிறிஸ்தவர்கள் 1.34 சதவீதம். அதாவது கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் சேர்ந்து 11 லட்சத்துச் சொச்சம். பாப்டிஸ்ட் சமாவேசம் ஒன்றே, அதுவும் பிள்ளைகளைச் சேர்க்காமல், 8 லட்சத்து 40 ஆயிரம் என்றால் மீதிப் பேர் எங்கே? சபைக் கணக்கு ஊதிப்போயிருக்கலாம். இறந்தவர், ஊர் மாறியவர், பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர் பெயரையெல்லாம் பதிவேட்டிலிருந்து யாரும் அக்கறையாக அடிப்பதில்லை. ஆனால் அது மட்டும் காரணமானால், அரசுக் கணக்கு சரிந்துகொண்டே வந்திருக்க வேண்டியதில்லை. 1971இல் 4.19 சதவீதம், 1981இல் 2.68, 1991இல் 1.83, 2001இல் 1.55. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓங்கோல் இருக்கும் பிரகாசம் மாவட்டத்து ஊர்களுக்குள் போய் வந்த யாரும் இது சபையைவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை என்று சொல்ல மாட்டார்கள்.

காரணம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவன் என்று எழுதினால் ஆந்திராவில் பிற்படுத்தப்பட்டோர் 'சி' பிரிவு, ஒதுக்கீடு 1 சதவீதம். எழுதாவிட்டால் பட்டியல் சாதி, 15 சதவீதம். ஆகவே வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். இதை ஏமாற்று என்பவர்கள் உண்டு. ஞானஸ்நானம் எடுத்த மாதிகனுக்கு ஊர்க்கிணறு திறந்துவிட்டதா என்று அவர்களிடம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது சென்னையிலிருந்துதான். ரத்தன் பஜார் பக்கம் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை கிறிஸ்தவன் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டது என்று வழக்குப் போட்டார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தோல் வியாபாரி பெரய்யா முழுக்கு எடுத்து அப்போது 119 வருடம் ஆகியிருந்தது.

மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து தரலாமா என்று ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக அரசு அறிவித்திருக்கிறது. இம்முறை எல்லாரிடமும் சாதியும் கேட்கப்படும். ஓங்கோல் பக்கத்துப் பாளையங்களில் கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நின்று மதம் என்ன, சாதி என்ன என்று அடுத்தடுத்துக் கேட்கும்போது, குண்டலகம்மாவில் முழுக்கு எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.